மஞ்சள் இலையும் மக்கு உரமும்

(போவன்பள்ளியில் கற்போர் முன் பேசிய பேச்சு)

 

இன்றைய பேச்சு குப்பையைப் பற்றியது. "குப்பையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. சமையலறையில் தினமும் எறியும் தோலிலும் காம்பிலும் பணம் இருக்கிறது. செடியின் உணவு இருக்கிறது. அந்தச் செடியைத் தின்னும் மனிதனின் பலமும் இருக்கிறது. அதை எப்படிக் காப்பாற்றுவது? பொறுமையாகக் கேளுங்கள்.

சந்தைக்கு வரும் மண்

போவன்பள்ளி காய்கறிச் சந்தை உங்கள் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் அம்பேத்கர் பெயரில் உள்ள பெரிய சந்தை. பொழுது விடியும் முன்பே அங்கே லாரிகள் வந்து நிற்கும். தக்காளி வரும். கத்திரிக்காய் வரும். முட்டைக்கோசு வரும். கட்டுக் கட்டாகக் கீரை வரும். இங்கே கோங்கூரா என்று சொல்லும் புளிச்சக்கீரையும் வரும்.

லாரியில் காய்கறி மட்டுமா வருகிறது? கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் வருகிறது. அது விவசாயியின் நிலத்துச் சத்து.

செடி எப்படி வளர்கிறது? தன் உடம்பின் பெரும்பகுதியை அது காற்றையும் தண்ணீரையும் கொண்டு கட்டுகிறது. வெயில் அதற்கு அடுப்பு. ஆனால் காற்றும் தண்ணீரும் மட்டும் போதாது. செடிக்கு மொத்தம் 17 சத்துகள் தேவை. அவற்றில் மூன்று, காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கிடைக்கின்றன. மற்ற 14 சத்துகளை வேர் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது.

அந்தப் 14 சத்துகளில் சிலவற்றின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. இவை மூன்றும் அதிகம் தேவைப்படுபவை. அடுத்து சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், கந்தகம். இவை நடுத்தர அளவில் தேவை. பிறகு இரும்பு, துத்தநாகம், செம்பு, போரான் போன்றவை. இவை மிகக் கொஞ்சமாகத் தேவை. சோற்றுக்கு உப்பு எவ்வளவு? கொஞ்சம்தான். ஆனால் உப்பு இல்லாவிட்டால் சாப்பிட முடியுமா? அதுபோலத்தான் இவையும்.

ஒவ்வொரு காயும் இந்தச் சத்துகளை நிலத்திலிருந்து எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வருகிறது. நகரத்தில் ஒரு பகுதி சாப்பாடாகிறது. மீதி குப்பையாகிறது. குப்பை லாரியில் ஏறி ஜவஹர் நகர்ப் பக்கம் போகிறது. சத்து நிலத்துக்குத் திரும்புவதில்லை.

சீட்டுப் பணம் போட்டவர்களுக்கு இது புரியும். போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். மண்ணும் அப்படித்தான். மாடியில் வைத்த பூந்தொட்டியின் மண்ணும் அப்படித்தான். வயலுக்கு ஆழம் உண்டு. தொட்டியில் இருப்பது ஒரு கூடை மண். அது இன்னும் சீக்கிரம் இளைத்துப் போகும்.

இலைக்கு நடுவே ஓர் உலோகம்

14 சத்துகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்கலாம். அதன் பெயர் மெக்னீசியம். ஒருமுறை சேர்ந்து சொல்லுங்கள்: மெக்-னீ-சி-யம்.

இது ஓர் உலோகம். இரும்பும் உலோகம், செம்பும் உலோகம். அந்த வகையைச் சேர்ந்ததுதான் இதுவும். மண்ணிலும் கல்லிலும் கலந்து கிடக்கிறது. வேர் இதைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது.

இலை ஏன் பச்சையாக இருக்கிறது? அதில் பச்சையம் என்ற பொருள் இருக்கிறது. அந்தப் பச்சையம்தான் வெயிலைப் பிடிக்கிறது. பிடித்த வெயிலைக் கொண்டு இலை மாவையும் சர்க்கரையையும் சமைக்கிறது. எனவே இலைதான் செடியின் சமையலறை.

பச்சையத்தின் நடுவில் என்ன இருக்கிறது என்று ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஒருவர் ஆராய்ந்தார். அவர் பெயர் ரிச்சர்டு வில்ஸ்டாட்டர். பச்சையத்தில் மெக்னீசியம் இருப்பதை அவர் உறுதி செய்தார். செடிகளின் நிறப்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1915-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மோதிரத்தின் நடுவில் கல் பதித்ததுபோல, பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் பதிந்திருக்கிறது.

இன்னோர் ஆச்சரியம் கேளுங்கள். மனிதரின் இரத்தம் சிவப்பாக இருக்கிறது. அந்தச் சிவப்பிலும் இதேபோல் ஒரு மோதிரம் உண்டு. அதன் நடுவில் பதிந்திருக்கும் கல் இரும்பு. இரத்தத்துக்கு இரும்பு. இலைக்கு மெக்னீசியம். இரண்டும் அக்கா தங்கை போல.

இரும்பு குறைந்தால் மனிதர் வெளிறிப் போவார். மெக்னீசியம் குறைந்தால் இலை வெளிறிப் போகும். சமையலறையில் அடுப்பு அணைந்தால் வீட்டில் எல்லோருக்கும் பட்டினி. இலை வெளிறினால் செடிக்குப் பட்டினி. காய் சிறுக்கும். பூ உதிரும்.

மனிதர் உடம்புக்கும் மெக்னீசியம் வேண்டும். ஒரு பெரியவரின் உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. தசைக்கும் நரம்புக்கும் அது தேவை. கீரை, பயறு, நிலக்கடலை, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றிலிருந்து அது கிடைக்கிறது. அவற்றுக்கு அது எங்கிருந்து கிடைத்தது? மண்ணிலிருந்து.

இலையைப் படிக்கலாம்

புத்தகத்தில் எழுத்து இருக்கிறது. இலையிலும் எழுத்து இருக்கிறது. எழுத்தைப் படிக்கக் கற்றவர்கள் இலையையும் படிக்கலாம். முதலில் ஒரு கேள்வி: எந்த இலை மஞ்சளாகிறது? அடியில் உள்ள பழைய இலையா? நுனியில் உள்ள புதிய இலையா?

அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்கிறது. நரம்புக்கு நடுவே உள்ள இடம் மட்டும் மஞ்சளாகிறது. அப்படியானால் மெக்னீசியம் குறைவாக இருக்கலாம்.

அடி இலை முழுவதும் ஒரே மாதிரி வெளிறி மஞ்சளாகிறது. அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு.

அடி இலையின் ஓரம் மட்டும் தீயில் கருகியதுபோல் காய்கிறது. அது சாம்பல் சத்துக் குறைவாக இருக்கலாம்.

நுனியில் உள்ள இளம் இலை மஞ்சளாகிறது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. அது இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம்.

மெக்னீசியம் குறைந்தால் ஏன் அடி இலை முதலில் வாடுகிறது? வீட்டில் சோறு குறைந்த நாளில் தாய் என்ன செய்வாள்? தன் பங்கைக் குழந்தைக்குக் கொடுப்பாள். செடியும் அப்படியே செய்கிறது. பழைய இலையில் உள்ள மெக்னீசியத்தை எடுத்து இளம் இலைக்கு அனுப்புகிறது. பழைய இலை வெளிறுகிறது. இரும்பு அப்படி எளிதில் இடம் மாறாது. அதனால் இரும்பு குறைந்தால் இளம் இலைதான் முதலில் வாடும்.

இலையைப் படிக்கும்போது அவசரப்படக் கூடாது. மஞ்சள் இலை என்றாலே சத்துக் குறைவு என்று நினைக்க வேண்டாம். தொட்டியின் அடித்துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். வேர் அழுகும். இலை மஞ்சளாகும். இலையின் பின்பக்கம் பூச்சி இருந்து சாற்றை உறிஞ்சினாலும் மஞ்சளாகும். வயதான இலை தானாகவே மஞ்சளாகி விழும். முதலில் துளையைப் பாருங்கள். பிறகு இலையைத் திருப்பிப் பாருங்கள். அதன் பிறகு சத்தைப் பற்றி யோசியுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மாடியில் பத்துத் தொட்டிகள். தக்காளியும் மிளகாயும் வெண்டையும் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மா தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். இரண்டு மாதம் செடி நன்றாக இருந்தது. பிறகு இலை மஞ்சளானது. அவர் கடைக்குப் போகிறார். கடைக்காரர் ஒரு பாக்கெட்டைக் கொடுக்கிறார். சரியாகவில்லை. அடுத்த வாரம் இன்னொரு பாக்கெட். கைப்பணம் போகிறது. கடைசியில் "நம்ம கையில் செடி வராது" என்று விட்டுவிடுகிறார்.

குறை அவர் கையில் இல்லை. எந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இனி உர மூட்டையைப் பார்த்தால் அதன் மேல் உள்ள எண்களைப் படியுங்கள். 17:17:17 என்று ஒரு மூட்டையில் போட்டிருக்கும். முதல் எண் தழைச்சத்து. இரண்டாவது மணிச்சத்து. மூன்றாவது சாம்பல் சத்து. 100 கிலோவில் ஒவ்வொன்றும் 17 கிலோ என்று பொருள். 50 கிலோ மூட்டை என்றால் ஒவ்வொன்றும் எட்டரைக் கிலோ. அந்த மூன்று எண்களிலும் மெக்னீசியம் இல்லை. மெக்னீசியக் குறைவுக்கு அந்த மூட்டையை வாங்கினால் பணம் வீண்.

மெக்னீசியத்துக்கு என்று ஓர் உப்பு உண்டு. எப்சம் உப்பு என்பார்கள். அந்தக் காலத்தில் பேதி உப்பு என்று சொன்னதும் இதுதான். அதில் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. மீதி கந்தகமும் தண்ணீரும் மற்றவையும். உண்மையாகவே மெக்னீசியம் குறைந்திருந்தால் இது உதவும். 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்து, மாலை வேளையில் இலையில் தெளிக்கலாம். ஆனால் குறைவு இல்லாத செடிக்கு இதை ஊற்றினால் நன்மை இல்லை. மண்ணில் உப்புத்தான் சேரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீரா? கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? சோப்பு சரியாக நுரைக்கவில்லையா? அப்படியானால் அது கடினத் தண்ணீர். கடினத் தண்ணீரில் இருப்பதே சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும்தான். அந்தத் தண்ணீரை ஊற்றும் வீட்டில் தொட்டிக்கு மெக்னீசியக் குறைவு வருவது அரிது. சுண்ணாம்பு சேரச் சேர மண்ணின் தன்மை மாறும். அப்போது இரும்புதான் வேருக்குக் கிடைக்காமல் போகும். இளம் இலை மஞ்சளாகும். நோய் ஒன்று, மருந்து ஒன்று என்று ஆகிவிடக் கூடாது.

ஊரில் நிலம் வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கு இருக்கலாம். அவர்களிடம் மண்வள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தத் திட்டத்தை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு தொடங்கியது. இந்தத் திட்டத்தின்படி மண்ணில் 12 விஷயங்களைப் பரிசோதித்து அட்டையில் எழுதுகிறார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் ஆகிய சத்துகள் அதில் இருக்கும். மண்ணின் கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, கரிமச் சத்து ஆகியவையும் இருக்கும். இந்தப் 12-இல் மெக்னீசியம் இல்லை. மாங்கனீசு வேறு, மெக்னீசியம் வேறு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மெக்னீசியம் தெரிய வேண்டுமானால் மண் பரிசோதனை நிலையத்தில் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

பறப்பது, ஒழுகுவது, தங்குவது

அந்த அம்மாவின் வீட்டுக்கே திரும்பிப் போகலாம். அவர் பாக்கெட் வாங்கிய அதே வாரத்தில் குப்பை வண்டியில் எதைக் கொட்டினார்? கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு, தேயிலைச் சக்கை, முட்டை ஓடு. அவற்றில் மெக்னீசியமும் இருந்தது. மற்றச் சத்துகளும் இருந்தன. பணம் கொடுத்து வாங்கியதைவிட அதிக வகைச் சத்துகள் இருந்தன.

இந்தக் கழிவை மக்க வைத்தால் அது மக்கு உரம். கம்போஸ்ட் என்றும் சொல்வார்கள். மக்கும்போது சத்து என்ன ஆகிறது? மூன்று சொற்களை நினைவில் வையுங்கள். பறப்பது, ஒழுகுவது, தங்குவது.

பறப்பது எது? கழிவில் உள்ள கரி, காற்றாக மாறிப் பறக்கும். தண்ணீர் ஆவியாகப் பறக்கும். அதனால்தான் குவியல் நாளுக்கு நாள் குறைந்து போகிறது. தழைச்சத்திலும் ஒரு பகுதி பறக்கும். அப்போது மூக்கை அரிக்கும் ஒரு நெடி வரும். அந்த நெடி வந்தால் தழைச்சத்து பறக்கிறது என்று பொருள். காய்ந்த இலையைச் சேர்த்தால் நெடி அடங்கும்.

ஒழுகுவது எது? குவியலில் தண்ணீர் அதிகமானால் அடியில் கருப்பாகச் சாறு வடியும். சாம்பல் சத்து தண்ணீரில் எளிதில் கரையும். அது சாறோடு ஓடிவிடும். மெக்னீசியத்திலும் ஒரு பங்கு அப்படியே ஓடும். மழையில் நனைந்த குவியல் கழுவிய அரிசி போல. சத்தெல்லாம் கழுநீரில் போய்விடும்.

தங்குவது எது? மணிச்சத்து, சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியத்தின் பெரும்பங்கு, இரும்பு, துத்தநாகம். இவை காற்றில் பறக்க மாட்டா. ஒழுக விடாமல் காத்தால் இவை குவியலிலேயே தங்கும். குவியல் சிறுக்கச் சிறுக்க, ஒரு கைப்பிடியில் உள்ள சத்து அதிகமாகும். பாலைக் காய்ச்சினால் அளவு குறைந்து பால் கெட்டியாகிறது அல்லவா? அதுபோல.

எனவே மக்கு உரம் செய்பவருக்கு இரண்டே கவலை. நெடியாகப் பறக்க விடக் கூடாது. சாறாக ஒழுக விடக் கூடாது.

சந்தையில் நடந்த வேலை

இதை வீட்டில் மட்டுமா செய்யலாம்? போவன்பள்ளிச் சந்தையிலேயே செய்து காட்டினார்கள்.

சந்தையில் நாள்தோறும் சுமார் 10 டன் கழிவு சேர்ந்தது. அழுகிய தக்காளி, கோசு இலை, விற்காத கீரை. முன்பு இவை குப்பைக் கிடங்குக்குப் போயின. பிறகு சந்தையிலேயே எரிவாயு நிலையம் அமைத்தார்கள். ஹைதராபாத்தில் தார்நாகாவில் இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த முறையில் இந்த நிலையம் அமைந்தது. 2021-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிரதமர் வானொலியில் பேசும்போது போவன்பள்ளிச் சந்தையைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். நாள்தோறும் சுமார் 500 யூனிட் மின்சாரமும் சுமார் 30 கிலோ எரிவாயுவும் கிடைப்பதாக அப்போது சொன்னார்.

அங்கே வேலை எப்படி நடந்தது? கழிவைப் பொடியாக நறுக்கி, கூழாக்கி, காற்றுப் புகாத தொட்டியில் விட்டார்கள். காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் கூழைத் தின்றன. எரிவாயு வந்தது. அந்த வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுத்தார்கள். சந்தையின் விளக்குகள் எரிந்தன. சந்தை உணவகத்தின் அடுப்பும் எரிந்தது.

இங்கே ஒரு கேள்வி. கழிவிலிருந்து எரிவாயு எடுத்த பிறகு மிஞ்சும் கூழ் வெறும் சக்கையா? இல்லை. எரிவாயுவில் போவது பெரும்பாலும் கரிதான். மெக்னீசியமோ மணிச்சத்தோ சாம்பல் சத்தோ வாயுவாக மாறிப் போகாது. அவை கூழிலேயே இருக்கும். ஆகவே மிஞ்சிய கூழ் நல்ல உரம். ஒரே தக்காளி விளக்கும் எரித்தது, உரமும் ஆனது.

கழிவை உரமாக்குவது புதிய விஷயமும் அல்ல. உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று திருவள்ளுவரே சொல்லியிருக்கிறார். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்தூரில் வேலை பார்த்தார். இந்திய, சீன விவசாயிகளின் பழக்கத்திலிருந்து கற்று, அடுக்கடுக்காகக் குவித்துக் கிளறிவிடும் முறையை ஒழுங்கு செய்தார். அதற்கு இந்தூர் முறை என்று பெயர். 1931-இல் அவரும் யஷ்வந்த் வாட் என்பவரும் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். பிறகு பெங்களூரில் ஆச்சார்யா என்ற விஞ்ஞானி, குழியில் நிரப்பி மூடிவிடும் முறையைக் கண்டார். அது பெங்களூர் முறை. கிளறும் வேலை இல்லை. ஆனால் மக்க அதிக நாள் ஆகும்.

வீட்டில் செய்யும் முறை

இடம் இல்லையே என்று கவலை வேண்டாம். ஒரு பழைய பெயிண்ட் வாளி போதும். நன்றாகக் கழுவிக் கொள்ளுங்கள். மண் பானை இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்று. வாளியின் அடியிலும் பக்கத்திலும் சிறு துளைகள் போடுங்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள். வடியும் சாறு தட்டில் சேரும்.

இரண்டு. அடியில் நான்கு விரல் உயரம் காய்ந்த இலை போடுங்கள். தென்னை நார்த்தூளும் போடலாம்.

மூன்று. காய்கறிக் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போடுங்கள். ஒரு கிண்ணம் ஈரக் கழிவு போட்டால், அதன் மேல் இரண்டு கிண்ணம் காய்ந்த இலை போடுங்கள். ஈரம் தழைச்சத்தைத் தரும். காய்ந்தது கரியைத் தரும். இரண்டும் சேர்ந்தால்தான் நுண்ணுயிருக்குச் சாப்பாடு.

நான்கு. தொடக்கத்தில் ஒரு கைப்பிடி பழைய மக்கு உரம் போடுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் சாணக் கரைசல் அல்லது புளித்த மோர் தெளியுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் இது.

ஐந்து. மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். உள்ளே காற்றுப் போகட்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். பிழிந்த துணி போல ஈரமாக இருக்க வேண்டும். தண்ணீர் சொட்டினால் காய்ந்த இலை சேருங்கள். பொடியாக உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

ஆறு. மழை படாத இடத்தில் மூடி வையுங்கள். தட்டில் சாறு சேர்ந்தால் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அதில் சாம்பல் சத்தும் மெக்னீசியமும் இருக்கின்றன. ஒரு பங்கு சாற்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பூச்செடியின் வேருக்கு ஊற்றுங்கள். கீரையின் மேல் ஊற்ற வேண்டாம்.

வாளி நிறைந்த பிறகு சுமார் இரண்டு மூன்று மாதம் ஆகும். நிறம் கருக்கும். சூடு இருக்காது. மழை பெய்த மண்ணின் வாசனை வரும். தோலும் தண்டும் அடையாளம் தெரியாது. அதுதான் பக்குவம். பக்குவம் ஆகாத உரத்தைச் செடிக்குப் போட்டால் அது செடியின் தழைச்சத்தையே பிடுங்கிக்கொள்ளும்.

எந்தக் கழிவில் என்ன சத்து?

கீரைத் தண்டு, முருங்கை இலை, வெண்டைக்காய்க் காம்பு போன்ற பச்சைக் கழிவு மெக்னீசியத்துக்கு நல்லது. காரணம் உங்களுக்கே தெரியும். பச்சை இருக்கும் இடத்தில் மெக்னீசியம் இருக்கும்.

வாழைப்பழத் தோலில் சாம்பல் சத்து அதிகம். முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து. அதைப் பொடி செய்து போடுங்கள். முழு ஓடு மக்கப் பல மாதம் ஆகும். தேயிலைச் சக்கையில் தழைச்சத்து இருக்கிறது. வேப்பம் புண்ணாக்கிலும் கடலைப் புண்ணாக்கிலும் தழைச்சத்து நிறைய இருக்கிறது. விறகுச் சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் கொஞ்சம் மெக்னீசியமும் உண்டு. ஆனால் அதைச் சிட்டிகை அளவில்தான் போட வேண்டும். அதிகம் போட்டால் தழைச்சத்து நெடியாகப் பறந்துவிடும்.

போடக் கூடாதவையும் உண்டு. பிளாஸ்டிக், பேட்டரி, வழவழப்பான வண்ணக் காகிதம், ஊறுகாய், எண்ணெய்க் குழம்பு, மீன், இறைச்சி, நோய் வந்த செடி. உப்பு, செடியின் வேரைக் கெடுக்கும். பேட்டரியில் உள்ள விஷ உலோகம் உரத்தில் தங்கும். மெக்னீசியம் எப்படிப் பறக்காதோ, விஷ உலோகமும் அப்படியே பறக்காது. அது கீரை வழியாக வயிற்றுக்கு வரும். அதனால்தான் ஈரக் குப்பை வேறு, உலர்ந்த குப்பை வேறு என்று பிரிக்கச் சொல்கிறார்கள்.

அளவு முக்கியம்

மக்கு உரம் நல்லது. அதற்காக அளவுக்கு மீறிப் போடலாமா? கூடாது. ஒரு சத்து அதிகமானால் இன்னொரு சத்துக்கு வழி அடைபடும். சாம்பல் சத்து மிக அதிகமானால் வேர் மெக்னீசியத்தை எடுக்க முடியாமல் திணறும். பேருந்தின் படியில் ஒரே கூட்டம் அடைத்து நின்றால் மற்றவர் ஏற முடியாது அல்லவா? அதுபோல. வாழைத்தோலை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துத் தினமும் ஊற்றுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பல வகைக் கழிவு கலந்த உரம்தான் நல்லது. பல வகை உணவு உண்பவர் உடம்பு நன்றாக இருப்பதுபோல.

புதிய தொட்டிக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கு உரம் போதும். மண் இறுகினால் கொஞ்சம் மணல் சேர்க்கலாம். பிறகு மாதம் ஒரு முறை ஒரு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போடுங்கள். மேல் மண்ணைக் கிளறி உரத்தைப் போட்டு மூடுங்கள். வெயிலில் கிடந்தால் காய்ந்து வீணாகும்.

மக்கு உரத்தில் சத்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளிவரும். இன்று போட்டு நாளை பச்சையாகாது. மஞ்சளான இலை மறுபடியும் பச்சையாவதும் கடினம். புதிய இலையைப் பாருங்கள். அது நல்ல பச்சையாக வந்தால் உரம் வேலை செய்கிறது என்று பொருள். மக்கு உரம் இன்னொரு நன்மையும் செய்கிறது. மண்ணைப் பஞ்சு போல ஆக்குகிறது. தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மெக்னீசியம், சுண்ணாம்பு போன்ற சத்துகள் தண்ணீரோடு ஓடிவிடாமல் பற்றிக்கொள்கிறது. பாக்கெட் உப்பு அந்த வேலையைச் செய்யாது.

ஒரு வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ ஈரக் கழிவு சேர்ந்தால் மாதம் 30 கிலோ. ஒரு தெருவில் 20 வீடு என்றால் மாதம் 600 கிலோ. அவ்வளவும் குப்பைக் கிடங்கில் பிளாஸ்டிக்கோடு கலந்தால் நாற்றம், ஈ, புகை. தனியே பிரித்து மக்க வைத்தால் பல தொட்டிக்குக் கீரை. கிடங்கின் பக்கத்தில் குடியிருப்பவர்களும் மனிதர்கள்தான். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். சமையலறையில் இரண்டு கூடை வையுங்கள். ஒன்றின் மேல் "மக்கும்" என்று எழுதுங்கள். மற்றதன் மேல் "மக்காது" என்று எழுதுங்கள். உங்கள் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டுப் பிள்ளைகள் அதைப் படிக்கட்டும்.

வயலின் சத்து லாரி ஏறி வந்தது. உங்கள் சமையலறை வரை வந்துவிட்டது. அது சாக்கடைக்குப் போவதும் செடிக்குப் போவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.